காமாலைக் குழந்தைக்கு எந்த ஒளி? பக்கவிளைவுகளை வைத்து ஓர் ஒப்பீடு

பிறந்த மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ, முகத்தில் தொடங்கிய மஞ்சள் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிட்டதைப் பார்த்து ரத்தம் எடுத்து, முடிவும் வந்த பிறகு, "குழந்தையை லைட்டில் வைக்க வேண்டும்" என்று மருத்துவர் சொல்கிறார். வார்டுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தார் அப்போது கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமா, தோல் கறுத்துவிடுமா, காலை வெயிலில் காட்டினால் போதாதா, பின்னாளில் வேறு நோய் வருமா என்று கேட்கிறார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் "ஒளிச்சிகிச்சைக்குப் பக்கவிளைவு உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஒரு மருத்துவமனையில் குழல்விளக்கும், இன்னொன்றில் எல்.இ.டி. விளக்கும், வேறொன்றில் ஒளியிழைப் போர்வையும் இருக்கின்றன. வீட்டில் பாட்டி இளவெயிலைச் சொல்கிறார். ஒளியால் அடங்காத காமாலைக்கு ரத்தத்தையே மாற்றும் சிகிச்சை இருக்கிறது. இவை ஒவ்வொன்றின் தீங்கும் தனித்தனி வகை. எந்த ஒளி, எந்தக் குழந்தைக்கு, எத்தனை மணி நேரம், எதற்குப் பதிலாக என்ற நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

ஒளி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் பாதிப் பக்கவிளைவுகளுக்கு விளக்கம் அதிலேயே இருக்கிறது. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை நீரில் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. பிறந்த குழந்தையின் கல்லீரல் அந்த வேலைக்கு முழுதாகத் தயாராவதற்குச் சில நாட்கள் ஆவதால்தான், நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும் குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தென்படுகிறது. பெரும்பாலோருக்கு அது தானாக வடிந்துவிடும். சிலருக்கு மட்டும் அளவு எல்லை கடந்து ஏறி, மூளைக்குள் படிந்து, செவித்திறன் இழப்பும் கைகால் இயக்கக் கோளாறும் உண்டாக்கும். அந்தச் சேதம் நிலைத்துவிட்டால் மீட்க வழியில்லை. 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள நீல, நீலப்பச்சை ஒளி தோலின் வழியே நுழைந்து பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தையே திருப்பிவிடுகிறது. திரிந்த வடிவங்களில் ஒன்றான லூமிருபின், கல்லீரலின் உதவிக்குக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும்.

விளக்கின் கீழ் இருக்கும் குழந்தைக்கு மலம் பச்சையாக இளகிப் போவதும் சிறுநீர் நிறம் கூடுவதும் நிறமி வெளியேறுவதன் அடையாளங்கள்தாம். இவற்றைப் பார்த்து "லைட்டு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பால் கொடுப்பதைக் குறைப்பவர்கள் உண்டு. அது நேர் எதிரான தவறு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிலிருபினை மாற்றும் வேலைக்கு வெப்பமும் தேவையில்லை, புற ஊதாக் கதிரும் தேவையில்லை. கடந்த 60 ஆண்டுகளில் விளக்குகளில் நடந்த முன்னேற்றமெல்லாம் பெரும்பாலும் இந்தத் தேவையற்ற இரண்டையும் நீக்கி, தேவையான நீலத்தை மட்டும் கூட்டியதுதான்.

வெயிலா, விளக்கா

வெயிலைச் சொல்லும் பாட்டியை எடுத்த எடுப்பில் மறுக்க எனக்கு மனம் வருவதில்லை. இந்தச் சிகிச்சையே வெயிலிலிருந்து பிறந்ததுதான். 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில், ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் கொண்டிருந்தார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்தும், துணி மூடியிருந்த இடத்தில் மஞ்சள் அப்படியேயும் இருந்ததை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். அதைத் தொடர்ந்து கிரீமரும் அவருடைய சகாக்களும் குழல்விளக்குகளைக் கொண்டு ஒரு கருவி அமைத்து, 1958இல் 'லான்செட்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆகவே வெயிலில் அந்த நீல ஒளி இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

சிக்கல் அளவிலும், கூடவே வருவதிலும் இருக்கிறது. நம் வீடுகளில் வெயில் காட்டுவது என்றால் சட்டை போட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் வாசலில் உட்கார்வது. அந்த நேரத்து வெயிலில் நீலத்தின் பங்கு குறைவு. படும் தோலோ முகமும் கைகால்களும் மட்டுமே. மருத்துவமனை விளக்கு லங்கோடு மட்டும் கட்டிய உடலின் மேல் மணிக்கணக்காக, இரவிலும் விழுகிறது. இந்த இரண்டையும் ஒரே சிகிச்சையின் சிறிய அளவு, பெரிய அளவு என்று நினைப்பதே பிழை. நேரத்தைக் கூட்டி, உச்சி வெயிலில் துணியில்லாமல் வைத்தால் அளவு கூடத்தான் செய்யும். அப்போது புற ஊதாக் கதிரும் அகச்சிவப்பு வெப்பமும் சேர்ந்தே கூடி, தோல் சிவந்து பொசுங்குவதும், உடல் சூடேறுவதும், நீர் வற்றுவதும் நேரும். மார்கழிக் காலையில் அதே துணியில்லாத குழந்தைக்கு உடல் குளிர்ந்துபோகும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், காமாலைக்குச் சிகிச்சையாகச் சூரிய ஒளியைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது.

வெயிலை முறையாக வடிகட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. மின்சாரம் நம்ப முடியாத இடத்தில் விளக்குக்கு மாற்றுத் தேடிய ஆய்வு அது. முடிவுகள் 2015இல் வெளியாயின. புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் தடுக்கும் படலம் போர்த்திய கூடாரத்தின் கீழ் ஒரு பகுதிக் குழந்தைகளையும், வழக்கமான விளக்கின் கீழ் இன்னொரு பகுதியினரையும் வைத்தார்கள். மொத்தம் 447 குழந்தைகள். சிகிச்சை பலித்த நாட்கள் வடிகட்டிய வெயிலில் நூற்றுக்கு 93, விளக்கில் நூற்றுக்கு 90. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியவர்கள் வெயிலில் நூற்றுக்கு 5 பேர், விளக்கில் ஒருவர். பாதுகாப்புக் காரணத்துக்காகச் சோதனையிலிருந்து எந்தக் குழந்தையையும் விலக்க நேரவில்லை. வெயிலும் விளக்கின் வேலையைச் செய்யும் என்பது இதில் தெரிகிறது. கூடவே, தக்க படலமும், அடிக்கடி வெப்பம் பார்க்கும் செவிலியரும், ரத்தப் பரிசோதனையும் இருந்தபோதுதான் அது நடந்தது என்பதும் தெரிகிறது. வாசல் வெயிலில் இவற்றில் ஒன்றும் இல்லை.

வாசல் வெயிலின் மிகப் பெரிய பக்கவிளைவாக நான் கருதுவது தோல் பொசுங்குவதையல்ல, தாமதத்தை. "தினமும் வெயில் காட்டுகிறோம், சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையில் இரண்டு நாள் கடந்துபோகிறது. தாய்க்கு ஓ வகை ரத்தமோ ஆர்.எச். நெகட்டிவோ இருந்து குழந்தையின் ரத்தம் ஒவ்வாமல் சிவப்பணுக்கள் சிதைந்துகொண்டிருந்தால், அந்த இரண்டு நாள் மிக அதிகம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கும் அப்படியே. அத்தகைய குழந்தையின் துணியைப் பாச்சா உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டினாலே அதிலுள்ள நாப்தலீன் சிவப்பணுக்களைச் சிதைத்துக் காமாலையைத் திடீரென ஏற்றிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், வெயிலா விளக்கா என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை. உடனே ரத்தம் பார்த்தாக வேண்டும்.

குழல்விளக்கும் எல்.இ.டி.யும்

விளக்குகளுக்குள் வந்தால், ஹாலோஜன் விளக்கை விரைவாகக் கடந்துவிடலாம். அது வெப்பம் மிகுதியாக உமிழ்வதால் குழந்தைக்கு அருகில் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தால் தோல் சுடும். தூரத்தில் வைத்தாலோ ஒளி ஒரு சிறு வட்டத்தில்தான் வலுவாக விழும். வேறு விளக்கு இருக்கும் இடத்தில் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான போட்டி குழல்விளக்குக்கும் எல்.இ.டி.க்கும் இடையில்தான். பிலிருபினைக் குறைக்கும் திறனில் இரண்டும் ஏறத்தாழச் சமம். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் பங்களிப்போடு 2011இல் வெளிவந்த, பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, இரண்டிலும் சிகிச்சைக்கு ஆகும் நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது. வேறுபாடு பக்கவிளைவுகளிலும் பராமரிப்பிலும் இருக்கிறது. குழல்விளக்கு வெப்பத்தை உமிழ்வதால் தோல் வழியாக அறியாமல் ஆவியாகும் நீரின் அளவு கூடுகிறது. இளகிய மலத்தில் போகும் நீரும் சேர்ந்தால் பால் சரியாகக் குடிக்காத குழந்தை எடை இழக்கும். குழலிலிருந்து சிறிதளவு புற ஊதாக் கதிரும் கசியும் என்பதால் விளக்குக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு அக்ரிலிக் தகடு இருக்க வேண்டும். அந்தத் தகடு உடைந்து கழற்றப்பட்ட நிலையில் பயன்படுத்தப்பட்ட விளக்குகளால் குழந்தைகளின் தோல் சிவந்து வெந்ததாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. எல்.இ.டி. தேவையான நீல அலைவரிசையை மட்டும் வெளியிடுகிறது. புற ஊதாக் கதிர் ஏறத்தாழ இல்லை, குழந்தையின் பக்கம் வரும் வெப்பம் மிகக் குறைவு.

அந்தக் குறைந்த வெப்பத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. குழல்விளக்கின் கீழ் துணியில்லாமல் கிடந்த குழந்தைக்குக் கதகதப்பும் இலவசமாகக் கிடைத்துவந்தது. அதே அறையில் அதே குழந்தையை எல்.இ.டி.யின் கீழ் வைக்கும்போது, குளிரூட்டியும் ஓடிக்கொண்டிருந்தால், உடல் குளிர்ந்துவிடலாம். எனவே குழல்விளக்கில் சூட்டுக்கும் எல்.இ.டி.யில் குளிருக்கும் கண்வைத்து, இரண்டிலும் குறித்த நேரத்தில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு விளக்கின் வயதில் இருக்கிறது. குழல்விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தாலும், சுமார் 2,000 மணி நேரத்துக்குப் பிறகு அதன் நீல ஒளி வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது. எல்.இ.டி. அதைப்போல் பத்து மடங்கு நேரம் உழைக்கும். தீவிர ஒளிச்சிகிச்சை என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒவ்வொரு நானோமீட்டர் அலைநீளத்துக்கும், குறைந்தது 30 மைக்ரோவாட் வலிமை வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் அளவுகோல். அதற்கென்று ஓர் ஒளிமானி இருக்கிறது. அதை வைத்துப் பார்க்காமல் விளக்கின் வலிமையை வெறுங்கண்ணால் அறிய முடியாது. வலிமை குன்றிய விளக்கின் கீழ் 24 மணி நேரத்தில் முடிய வேண்டிய சிகிச்சை மூன்று நாளாக நீளும்போது, நீரிழப்பும் கண்கட்டும் தாயின் பிரிவும் மும்மடங்காகின்றன. பக்கவிளைவுகளைப் பற்றிய பேச்சில் அதிகம் விடுபட்டுப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். ஒளி அதிகமாக இருந்ததால் துன்பப்பட்ட நிறைமாதக் குழந்தைகளைவிட, ஒளி போதாமல் நாட்கணக்கில் கிடந்து துன்பப்பட்ட குழந்தைகளே கூடுதலாக இருப்பார்கள்.

விளக்கின் நீலம் பணியிலுள்ள செவிலியர்களுக்கும் தலைவலியும் குமட்டலும் தருவதுண்டு. நீல ஒளியின் கீழ் குழந்தையின் உதடு நீலம் பாரித்தாலும் தெரியாது என்பது அதைவிட முக்கியமானது. நிறம் பார்க்கும்போது விளக்கைச் சற்று அணைத்துப் பார்ப்பதே சரியான முறை.

மேலிருந்து விழும் ஒளியும் போர்வையும்

மேல்விளக்கு எதுவானாலும் குழந்தையின் கண்களை மூடியாக வேண்டும், ஏனெனில் தொடர்ந்த வலிய ஒளி விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்று விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. முறையாக மூடிய கண்ணுக்குக் கேடு வராது. கேடு வருவது பெரும்பாலும் மூடியினால்தான். இறுக்கிக் கட்டினால் இமை அழுந்தி, அழுக்கு சேர்ந்து, கண் பீளை கட்டிச் சிவக்கும். தளர்த்திக் கட்டினால் நழுவி மூக்கின் மேல் விழும். என் மகளும் பிறந்த நான்காம் நாளிலிருந்து இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் இருந்தாள். கண்கட்டு அவள் மூக்கின் மேல் இறங்கிக் கிடந்ததை முதலில் பார்த்தது, பால் கொடுப்பதற்காக அனுமதி கேட்டு உள்ளே போன என் மனைவி. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒளிச்சிகிச்சையின் ஆபத்துகளை யாராவது பட்டியலிடும்போது எனக்கு முதலில் அந்தத் துணிக்கட்டுதான் நினைவுக்கு வருகிறது.

ஒளியிழைப் போர்வை இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கிறது. ஒளிமூலம் தள்ளி ஒரு பெட்டியில் இருக்க, மெல்லிய இழைகள் வழியாக ஒளி மட்டும் ஒரு பட்டையில் வந்து குழந்தையின் முதுகையோ மார்பையோ தொடுகிறது. அதை மட்டும் பயன்படுத்தும்போது பெரும்பாலும் கண்கட்டு தேவைப்படாது. போர்வையைச் சுற்றியபடியே தாய் குழந்தையை எடுத்து அணைத்துப் பால் கொடுக்கலாம். மேல்விளக்கு தரும் இன்னல்களில் பெரிதான தாய்-சேய்ப் பிரிவு இதில் இல்லை.

விலையும் இருக்கிறது. போர்வை தொடும் தோலின் பரப்பு சிறியது என்பதால், நிறைமாதக் குழந்தையின் காமாலையை அது மேல்விளக்கைவிட மெதுவாகத்தான் இறக்குகிறது. உடல் சிறிதாக இருக்கும் குறைமாதக் குழந்தைகளில் இந்தக் குறை பெரிதும் மறைந்து, இரண்டும் ஏறத்தாழச் சமமாகின்றன. ஆனால் மிகச் சிறிய குழந்தையின் தோல் ஈரத்தாள்போல் மெல்லியது. பட்டை தொட்டுக்கொண்டே இருந்தால் அழுந்திப் புண்ணாகும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். ஆகவே அளவு எல்லையைச் சற்றே தாண்டிய, நன்றாகப் பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்குப் போர்வையைத் தயங்காமல் கேட்கலாம். அளவு வேகமாக ஏறும் குழந்தைக்குப் போர்வை மட்டும் போதாது. மேல்விளக்கோடு அடியிலும் ஒளி சேர்த்து இருபுறமும் பாய்ச்ச வேண்டும். அப்போது தொட்டுத் தூக்கும் வசதியைச் சில மணி நேரம் விட்டுக்கொடுப்பதே முறை.

இடைவிடாமலா, இடைவெளி விட்டா

ஒரே விளக்கானாலும் பயன்படுத்தும் விதத்தில் இரண்டு வழிகள் உண்டு. சில வார்டுகளில் "வெளியே எடுத்தால் ஏறிவிடும்" என்று இரவு பகல் இடைவிடாமல் வைத்திருக்கிறார்கள். நைஸ் வழிகாட்டுதலோ, ஒற்றை விளக்குச் சிகிச்சையில் பால் கொடுக்கவும், துணி மாற்றவும், அணைத்துக்கொள்ளவும் அரை மணி நேரம் வரை இடைவெளி தரலாம் என்கிறது. பல விளக்குகளை வைத்துச் செய்யும் தீவிரச் சிகிச்சையில் மட்டும் இடைவெளி கூடாது. பிந்தையதை விதிவிலக்காகவும் முந்தையதை இயல்பாகவும் கொள்ள வேண்டிய இடத்தில், பல மருத்துவமனைகளில் தலைகீழாக நடக்கிறது.

இது வசதியைப் பற்றிய வாதம் மட்டுமல்ல. முதல் வாரத்துக் காமாலைக்குப் பால் போதாமையே பல நேரங்களில் ஒரு காரணம். குடல் அசைந்து மலம் கழியாவிட்டால், பித்தத்தில் வந்த பிலிருபின் குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்குத் திரும்பிவிடும். சீம்பால் நின்று பால் சுரக்கத் தொடங்கும் அந்த நாட்களில் குழந்தை மார்பில் சப்பாவிட்டால் சுரப்பும் தளரும். அப்படிப் பார்த்தால் தாயையும் சேயையும் பிரித்து வைக்கும் ஒளிச்சிகிச்சை ஒரு கையால் இறக்கும் மஞ்சளை இன்னொரு கையால் ஏற்றுகிறது. அந்த இடைவெளியை நிரப்பச் சர்க்கரைத் தண்ணீரும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுப்பது பயன் தராது. அவை வயிற்றை நிரப்புமேயொழிய மலத்தைத் தள்ளா. கீழாநெல்லிச் சாறு பெரியவர்களின் காமாலைக்கு நாட்டு வழக்கில் இருப்பது வேறு. பிறந்த குழந்தையின் வாயில் தாய்ப்பாலுக்கு முன் எதையும் வைக்க வேண்டாம்.

எந்தக் குழந்தைக்கு

மேலே சொன்னவை பெரும்பாலும் நிறைமாதக் குழந்தைகளைப் பற்றியவை. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்தவர்களிடம் கணக்கு மாறுகிறது. அமெரிக்காவில் 1,974 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2008இல் வெளியான ஆய்வு, பிறந்தவுடனேயே தொடங்கும் தாராளமான ஒளிச்சிகிச்சையையும், பிலிருபின் ஏறிய பின் தொடங்கும் சிக்கனமான ஒளிச்சிகிச்சையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. மூளை வளர்ச்சிக் குறைபாடு தாராளப் பிரிவில் நூற்றுக்கு 26, சிக்கனப் பிரிவில் 30. இது தாராளத்துக்குச் சாதகமான உண்மையான நன்மை. ஆனால் 501 முதல் 750 கிராம் வரை எடையுள்ள மிகச் சிறிய குழந்தைகளில் இறப்பு தாராளப் பிரிவில் நூற்றுக்கு 39, சிக்கனப் பிரிவில் 34. அந்த வேறுபாடு புள்ளியியல் முறைப்படி உறுதிப்படவில்லை என்றாலும் ஒதுக்கித் தள்ளக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடிபோன்ற தோலின் வழியே ஒளி ஆழமாக ஊடுருவுகிறது. பிறந்த பின் மூட வேண்டிய இதய நாளம் மூடாமல் இருக்கும் வாய்ப்பும் ஒளியோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு வலிய ஒளியைக் குறுகிய நேரம் தருவது நல்லது என்ற என் முடிவை, அப்படியே இந்தச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு நீட்ட முடியாது.

அரிதான வேறு சில நிலைகளையும் சொல்லிவிட வேண்டும். பித்தம் வடியாமல் தேங்கியிருக்கும் குழந்தையை ஒளியின் கீழ் வைத்தால் தோலும் சிறுநீரும் வெண்கல நிறமாக மாறுவதுண்டு. 1972இல் முதலில் விவரிக்கப்பட்ட இந்த மாற்றம் சிகிச்சை நின்றபின் சில வாரங்களில் மறையும். பார்க்க அச்சம் தந்தாலும், அதைவிட அதற்கு அடியிலுள்ள கல்லீரல் கோளாறே கவனத்துக்குரியது. பிறவிப் போர்பைரியா நோயுள்ள குழந்தைக்கு ஒளியே கொப்புளமாகிவிடும் என்பதால் அங்கே ஒளிச்சிகிச்சை கூடவே கூடாது. ஒளியோடு வினைபுரியும் மருந்து பெற்ற குழந்தைக்கும் தடை உண்டு. உடலில் தோன்றும் சிறு தடிப்புகளும், சில குழந்தைகளில் நிறம் சற்றுக் கறுப்பதும் தற்காலிகமானவை. கால்சியம் குறைவது குறைமாதக் குழந்தைகளில் கவனிக்க வேண்டியது.

பின்னாளைப் பற்றிய கேள்விக்குக் கலிபோர்னியாவிலிருந்து இரண்டு பெரிய ஆய்வுகள் 2016இல் வந்தன. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பார்த்த ஒன்று, ஒளிச்சிகிச்சை பெற்றவர்களிடம் குழந்தைப் பருவப் புற்றுநோய் சிறிதளவு கூடியிருப்பதைக் கண்டது. அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டாலும், சுமார் 10,000 குழந்தைகளுக்கு ஒளி கொடுத்தால் ஒரு குழந்தைக்குக் கூடுதலாக நோய் வரும் என்ற அளவுதான். டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளுக்கு மட்டும் அந்த வாய்ப்பு அதிகம். ஏறத்தாழ 5 லட்சம் குழந்தைகளைக் கொண்ட மற்றொன்றில், வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு உறுதியாக நிற்கவில்லை. ஆண் குழந்தைகளிடம் வலிப்பு சற்றுக் கூடியிருப்பதாகவும் அதே 5 லட்சம் குழந்தைகளைப் பற்றிய பின்னாளைய ஆய்வு சொன்னது. இவை எவையும் தேவையான சிகிச்சையை மறுக்கக் காரணமாகா. எல்லையைத் தொடாத குழந்தையை "எதற்கும் ஒரு நாள் வைப்போம்" என்று வைப்பதை மறுக்க இவை போதும். அமெரிக்க அகாதமி 2022இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது, ஒளிச்சிகிச்சை தொடங்கும் எல்லைகளைச் சற்று உயர்த்தியது.

ஒளியும் ரத்தமாற்றமும்

ஒளியின் தீங்குகளை எடை போட வேண்டிய தராசின் மறுதட்டில் இருப்பது ரத்தமாற்றம். 1940களிலிருந்து ஒளிச்சிகிச்சை பரவும்வரை, உச்சத்துக்கு ஏறிய காமாலைக்கு அதுவே வழி. குழந்தையின் உடலில் கிலோவுக்கு 80 முதல் 85 மில்லிலிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதைப்போல் இரு மடங்கு தானரத்தத்தைத் தொப்புள் நாளம் வழியாகச் சிறுசிறு அளவாக ஏற்றி, அதே அளவு ரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். சில மணி நேரத்தில் பிலிருபினை இறக்க இதைவிட விரைவான வழி இல்லை. ரத்த ஒவ்வாமையில் சிதைவுக்குக் காரணமான எதிர்ப்பொருள்களையும் கூடவே அகற்றும். ஆனால் இதயத் துடிப்புத் தாறுமாறாவது, கால்சியமும் தட்டணுக்களும் சரிவது, ரத்தம் உறைந்து நாளம் அடைபடுவது, கிருமித்தொற்று, குடல் அழுகல் எல்லாம் இதில் நேரக்கூடியவை. அமெரிக்க அகாதமியின் 2004ஆம் ஆண்டு மதிப்பீட்டில், இதனால் உயிரிழப்பவர் ஆயிரத்தில் ஏறத்தாழ 3 பேர். குறிப்பிடத்தக்க சிக்கலுக்கு ஆளாகிறவர் நூற்றில் 5 பேர் வரை. இன்று பல பயிற்சி மருத்துவர்கள் ஒரு ரத்தமாற்றத்தைக்கூட நேரில் பார்க்காமல் படிப்பை முடிக்கும் நிலை, பெரும்பாலும் ஒளிச்சிகிச்சையால் வந்தது. பச்சை மலத்தையும் தோல் தடிப்பையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் "பக்கவிளைவுக்குப் பயந்து லைட்டு வேண்டாம்" என்ற முடிவை ஒருவர் எடுக்க வேண்டும். மூளைக்கு நஞ்சேறும் அறிகுறிகள் தொடங்கிவிட்டால், அதாவது குழந்தை துவண்டு, பால் குடிக்காமல், கீச்சுக்குரலில் அழுது, முதுகை வில்லாக வளைத்தால், ஒளியை மட்டும் நம்பிக் காத்திருப்பதும் அதே அளவு தவறு.

வீட்டில் போர்வையை வைத்துச் செய்யும் ஒளிச்சிகிச்சையை அமெரிக்க அகாதமியின் 2022 வழிகாட்டுதல் சில நிபந்தனைகளோடு ஏற்கிறது. நல்ல எடையும் நல்ல பால்குடியும் உள்ள, வேறு ஆபத்துக் காரணம் இல்லாத குழந்தைக்கு, நாள்தோறும் ரத்தம் பார்க்க வழி இருந்தால் அது தாய்க்கும் சேய்க்கும் இதமானது. நம் ஊரில் வாடகைக்கு விளக்கு கிடைக்கிறது என்பதற்காக மட்டும், பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் அதைத் தொடங்கக் கூடாது.

எந்த ஒளியைத் தேர்ந்தாலும் ஒரு ஏமாற்றம் பொதுவாகக் காத்திருக்கிறது. ஒளி பட்ட தோல் விரைவில் வெளுத்துவிடும். ரத்தத்தில் பிலிருபின் அதே வேகத்தில் இறங்கியிருக்காது. அதனால் விளக்கின் கீழ் இருந்த குழந்தையை நிறம் பார்த்தோ, நெற்றியில் வைத்து அளக்கும் கருவியைக் கொண்டோ மதிப்பிட முடியாது. குதிகாலில் குத்தி எடுக்கும் அந்த இரண்டு சொட்டு ரத்தத்துக்கு மாற்றில்லை. சிகிச்சையை நிறுத்திய பிறகும் 12 முதல் 18 மணி நேரத்துக்குள் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்கிறது நைஸ், ஏனெனில் சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ரத்தம் சிதைந்துகொண்டிருந்தவர்களுக்கும் குறைமாதத்தவர்களுக்கும், அளவு மறுபடி ஏறும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அந்தப் பரிசோதனைக்கான தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, எழுதப்படாவிட்டால் அங்கேயே நின்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.